வௌவாலும் மஞ்சள் காமாலையும்

(பத்தாம் வகுப்பு, அறிவியல் மன்றம்)

"வௌவால் வீட்டுக்கு விருந்துக்குப் போனால், நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று நம் பாட்டிமார் பழமொழி சொல்வார்கள். இவ்வாண்டு அந்த வௌவால் வீட்டுக்கு நாங்களே விருந்தாளிகளாகப் போக நேர்ந்தது. எங்களை அங்கே அழைத்துச் சென்றது மகிழ்ச்சியான காரணம் அன்று. நாங்கள் செய்த ஒரு தவறே அழைத்துச் சென்றது. அதனால் அன்புத் தோழியரே, இக்கட்டுரையை ஒரு மன்னிப்புக் கடிதமாகவும் எண்ணிப் படியுங்கள்.

நம் பள்ளியின் வாயிலிலிருந்து மண்டபம் வரை வரிசையாக நிற்கும் நெட்டிலிங்க மரங்களை அறியாத மாணவி யார்? காலையில் அவற்றின் அடியில் கொட்டைகளும் மென்று துப்பிய சக்கைகளும் சிதறிக் கிடக்கும். ஆயா அம்மா முணுமுணுத்துக்கொண்டே கூட்டித் தள்ளுவார்கள். இரவில் வந்து விருந்துண்டு போகும் வௌவால்களின் வேலை அது. சென்ற கார்த்திகை மாதம் நம் மாணவியர் மூவருக்கு ஒரே வாரத்தில் மஞ்சள் காமாலை கண்டது. அவர்களுள் ஒருத்தி எங்கள் வகுப்புத் தோழி. அந்த வாரம் அறிவிப்புப் பலகையில் அறிவியல் செய்தி எழுதும் முறை எங்கள் மன்றத்துக்கு வந்தது. எங்கோ பாதி படித்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டு, "எச்சரிக்கை! காமாலைக் கிருமிகளைச் சுமப்பவை வௌவால்கள்!" என்று சிவப்புச் சுண்ணக்கட்டியால் பெரிதாக எழுதிவிட்டோம்.

அதன் விளைவை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. மறுநாளே சில பெற்றோர் வந்து, மரங்களை வெட்டிவிடும்படி தலைமையாசிரியை சிஸ்டரிடம் கேட்டார்கள். அதைவிடப் பெரிய துன்பம் எங்கள் தோழியின் தெருவில் நடந்தது. அங்கிருந்த பழைய புளிய மரத்தின் அடியில் சிறுவர்கள் சருகைக் குவித்து நெருப்பு மூட்டிப் புகை போட்டார்கள். வௌவால்கள் கலைந்து ஓட, குட்டியை மார்பில் சுமந்த தாய் ஒன்று கீழே விழுந்தது. தோழியின் தம்பி அதை வெறுங்கையால் தூக்கினான். அது அவன் விரலைக் கடித்துவிட்டது. அந்தச் சிறுவன் ரேபிஸ் தடுப்பூசிக்காகப் பல நாள் ஆஸ்பத்திரிக்கு நடக்க வேண்டியதாயிற்று. தாயும் குட்டியும் பிழைக்கவில்லை.

சிஸ்டர் எங்களை அழைத்தார்கள். கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்கள் எழுதியது உண்மையா?" என்று மட்டும் கேட்டார்கள். எங்களால் ஆம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. "பதினைந்து நாள் தருகிறேன். தெரிந்துகொண்டு வந்து சொல்லுங்கள். அதுவரை மரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்கள். அந்தப் பதினைந்து நாளில் நாங்கள் கற்றவற்றையே இங்கு எழுதுகிறோம்.

காமாலை என்பது என்ன?

முதலில் நாங்கள் கற்றது, காமாலை என்பது நோயின் பெயரன்று, நோயின் அடையாளம் என்பதே. நம் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து அழிகின்றன. அவை அழியும்போது பிலிரூபின் என்னும் மஞ்சள் நிறப் பொருள் உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்துப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புவது கல்லீரலின் வேலை. கல்லீரல் நோயுற்றால் அந்த வேலை தடைப்படுகிறது. மஞ்சள் பொருள் இரத்தத்திலேயே தங்கி, கண்ணிலும் தோலிலும் சிறுநீரிலும் தெரிகிறது. வீட்டுக் குப்பையை எடுப்பவர் நான்கு நாள் வராவிட்டால் தெருவெல்லாம் குப்பை தெரிவது போலத்தான் இதுவும்.

கல்லீரலை நோயுறச் செய்பவை பல. மது, சில மருந்துகள், பித்தப்பைக் கல், எலிக்காய்ச்சல் போன்றவற்றாலும் காமாலை வரும். ஆயினும் நம் நாட்டில் முதன்மையான காரணம் ஹெபடைட்டிஸ் எனப்படும் கல்லீரல் அழற்சி வைரஸ்களே. அவை ஐந்து வகை. ஆங்கில எழுத்துகளின் வரிசையில் ஏ, பி, சி, டி, இ என்று அவற்றுக்குப் பெயர். ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. கல்லீரலில் குடியேறுவது ஒன்றே அவற்றின் பொதுக் குணம்.

ஏ, இ ஆகிய இரண்டும் நோயாளியின் மலம் கலந்த நீராலும் உணவாலும் பரவுகின்றன. பி, சி, டி ஆகிய மூன்றும் இரத்தத்தின் வழியே பரவுகின்றன. சுத்தம் செய்யாத ஊசி, சோதிக்காத இரத்தம், பிறர் பயன்படுத்திய சவரக் கத்தி ஆகியவை அவற்றின் வாகனங்கள். பி வகை, பிரசவத்தின்போது தாயிடமிருந்து சேய்க்கும் வரும். ஏ வகை பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகிவிடும். பி, சி ஆகியவையோ ஆண்டுக்கணக்கில் உள்ளே ஒளிந்திருந்து கல்லீரலைச் சுருங்கச் செய்து, புற்றுநோய்வரை கொண்டுபோய்விடக் கூடும்.

இவற்றைக் கண்டறிந்த வரலாறு ஒரு துப்பறியும் கதையைப் போன்றது. அமெரிக்க விஞ்ஞானி பாருக் புளும்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் இரத்தத்தில் ஒரு புதுப்பொருளைக் கண்டார். 1965இல் அதைப் பற்றி எழுதினார். அது பி வகை வைரஸின் மேலுறை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த நாளாகிய ஜூலை 28ஆம் நாளே இன்று உலகக் கல்லீரல் அழற்சி நாள். ருஷ்ய விஞ்ஞானி பாலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தாமே குடித்துக் காமாலை வரவழைத்துக்கொண்டு, 1983இல் இ வகைக் கிருமியைக் கண்டார். 1989இல் சி வகை அகப்பட்டது. அதற்காக ஆல்ட்டர், ஹௌட்டன், ரைஸ் ஆகிய மூவருக்கு 2020இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வௌவாலில் கண்டவை

இனி எங்கள் சிவப்பு எழுத்துக்கு வருவோம். நாங்கள் எழுதியது முழுப் பொய்யா? இல்லை. அதுதான் எங்களுக்கு வியப்பாக இருந்தது.

2012ஆம் ஆண்டில் ஐந்து கண்டங்களிலிருந்து 85 இனத்தைச் சேர்ந்த 3,869 வௌவால் மாதிரிகளை ஜெர்மானிய விஞ்ஞானி டிரெக்ஸ்லரும் அவர் குழுவினரும் சோதித்தபோது, இ வகைக்கு உறவான கிருமிகள் கிடைத்தன. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், உலகின் பல பாகங்களில் பிடித்த வௌவால்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்தில், சி வகைக்கும் அதன் பங்காளிகளுக்கும் உறவான கிருமிகள் இருந்தன. அவ்வாறு கிடைத்தவை 83. அதே ஆண்டில் டிரெக்ஸ்லர் குழுவினர் 54 இனத்தைச் சேர்ந்த 3,080 மாதிரிகளைச் சோதித்து, பத்தில் மட்டும் பி வகைக்கு உறவான கிருமியைக் கண்டார்கள். அந்தப் பத்தும் நடு அமெரிக்காவின் பனாமாவையும் ஆப்பிரிக்காவின் காபோனையும் சேர்ந்தவை. நமக்கு அண்டையிலுள்ள மியான்மரின் நீள்விரல் வௌவால்களிலும் இவ்வகைக் கிருமி கிடைத்தது. 2015இல் ஏ வகையின் உறவினர் வௌவால், எலி, முள்ளெலி, மூஞ்சூறு ஆகியவற்றில் அகப்பட்டனர். 2021இல் டி வகையின் உறவினர், பெரு நாட்டின் இரத்தம் குடிக்கும் வௌவாலிடம் இருப்பதாகத் தெரிந்தது. ஆக ஐந்து எழுத்துக்கும் வௌவால் உலகில் உறவுண்டு!

அப்படியானால் பெற்றோர் அஞ்சியது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் "உறவு" என்ற சொல்லை நின்று கவனிக்க வேண்டும். பூனையும் புலியும் உறவுதான். அதற்காகத் திண்ணையில் படுத்திருக்கும் பூனையைக் கண்டு ஊரைக் காலி செய்வாரில்லை. வௌவாலிடமுள்ள கிருமி வேறு, நம் காமாலைக் கிருமி வேறு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்திருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து. பி வகைக் கிருமி ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மனிதரின் எலும்பிலும் பல்லிலும் இருந்ததாக 2021இல் கண்டறிந்திருக்கிறார்கள். அவ்வளவு காலமாக அது மனிதரிடமிருந்தே மனிதருக்குப் போய்க்கொண்டிருக்கிறது. நம்மைத் தொற்ற அதற்கு வௌவாலின் தயவு தேவையில்லை.

ஆனால் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பனாமாவின் கூடார வௌவாலிடம் கிடைத்த கிருமி சற்றுப் பொல்லாதது. வைரஸ் என்பது பூட்டிய வீட்டுக்குள் கள்ளச்சாவி போட்டு நுழைபவனைப் போன்றது. அதன் மேலுறையே சாவி. நம் கல்லீரல் அணுவின் வாயிலில் உள்ள ஒருவகைப் புரதமே பூட்டு. விஞ்ஞானிகள் மூன்று வௌவால் கிருமிகளின் மேலுறைகளை எடுத்து, டி வகைக் கிருமிக்குச் சட்டை போலப் போர்த்தி, கண்ணாடிக் கலத்தில் வளர்த்த மனிதக் கல்லீரல் அணுக்களின் மேல் விட்டார்கள். இரண்டு சட்டைகள் உள்ளே புக முடியவில்லை. பனாமாச் சட்டை மட்டும் நுழைந்துவிட்டது! தடுப்பூசி போட்டவர்களின் இரத்தநீரும் அதைத் தடுக்கவில்லை. ஆயினும் இப்போது பயன்படும் ஒரு மருந்து, மூன்று வௌவால் கிருமிகளும் பெருகுவதை நிறுத்திவிட்டது.

இது ஆய்வுக்கூடத்தில் நடந்தது. வௌவாலிடமிருந்து ஒருவருக்குக் காமாலைக் கிருமி வந்ததாக நாங்கள் படித்த எந்த ஆய்விலும் இல்லை. இ வகையைத் தேடிய அந்த 2012ஆம் ஆண்டு ஆய்விலேயே, இரத்ததானம் செய்தவர்கள் முதலானோரின் 93,146 மாதிரிகளையும் சேர்த்துச் சோதித்தார்கள். வௌவால் கிருமி ஒன்றுகூட அவற்றில் இல்லை. "சுமக்கிறது" என்பது ஒரு சொல், "பரப்புகிறது" என்பது மற்றொரு சொல். நாங்கள் முதற்சொல்லை எழுதினோம். படித்தவர்கள் இரண்டாம் சொல்லைப் படித்தார்கள். அப்படிப் படிக்கும்படி எழுதிய குற்றம் எங்களுடையது.

வௌவாலுக்கு மட்டும் ஏன் இத்தனை கிருமி?

பாலூட்டி இனங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று வௌவால். உலகில் 1,400க்கு மேற்பட்ட வௌவால் இனங்கள் உள்ளன. இனம் பெருகினால் கிருமியின் வகையும் பெருகத்தானே செய்யும்? மேலும் அவை குகையிலும் மரத்திலும் நெருக்கியடித்துத் தொங்குகின்றன. நம் பள்ளிப் பேருந்தில் ஒருத்திக்குச் சளி பிடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மற்றொரு காரணமும் கூறப்படுகிறது. பறப்பது பெரும் உழைப்பு. அவ்வுழைப்பைத் தாங்கும்படி அமைந்த வௌவாலின் உடல், கிருமியைக் கண்டவுடன் பொங்கி எழுவதில்லை. அளவோடு எதிர்த்து, அதனோடு சமாதானமாக வாழக் கற்றிருக்கிறது. நம்மை வருத்துவது பல வேளைகளில் கிருமி மட்டுமன்று, கிருமியைக் கண்டு நம் உடல் செய்யும் ஆர்ப்பாட்டமும்தான்.

மதுரையின் வௌவால்கள்

வௌவாலை உலகுக்கு அறிமுகம் செய்த ஊர்களுள் நம் மதுரையும் ஒன்று என்பதை இந்தப் பதினைந்து நாளில்தான் அறிந்தோம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சந்திரசேகரனும், அவர் வழிவந்த பேராசிரியர் மாரிமுத்துவும் நம் சுற்றுவட்டாரக் குகை வௌவால்களை ஆராய்ந்தார்கள். சூரிய ஒளியே எட்டாத குகைக்குள் தொங்கும் வௌவாலுக்கு மாலை வந்தது எப்படித் தெரியும்? அவர்கள் ஒரு வௌவாலைக் குகைக்குள்ளேயே கூண்டில் வைத்துப் பார்த்தார்கள். வெளியே போய் வரும் மற்ற வௌவால்கள் குகையில் இருந்தவரை, கூண்டுக்குள் இருந்ததும் அவற்றோடு சேர்ந்து மாலையில் சிறகடித்தது. தோழர்கள் இல்லாத குகையில் வைத்தபோது, அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவியது. நண்பர்களின் வரவு செலவே அதற்குக் கடிகாரம்! இவ்வாய்வு 1981இல் வெளியாயிற்று.

புளியங்குளம் என்னும் ஊரில் ஆலமரத்தில் வாழும் பெரிய பழந்தின்னி வௌவால்களை முனி காக்கிறது என்ற நம்பிக்கையால் ஊரார் அவற்றைத் தொடுவதில்லை என்றும் பேராசிரியர் மாரிமுத்து எழுதியிருக்கிறார். அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த மேகமலையில் 1948இல் பிடித்த ஒரு வௌவால், வேறு இனம் என்று தவறாகக் கருதப்பட்டு, பம்பாய் அருங்காட்சித் தொகுப்பில் இருபத்துநான்கு ஆண்டுகள் கிடந்தது. 1972இல் தாய்லாந்து விஞ்ஞானி ஒருவர் அது புது இனம் என்று கண்டு, பறவை அறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார்.

நம் பள்ளி நெட்டிலிங்கத்தில் வாழ்பவை குறுமூக்குப் பழ வௌவால்கள். இவையும் கூடாரம் கட்டுபவையே. நெட்டிலிங்கத்தின் அடர்ந்த தழைக்குள் ஆண் வௌவால் கிளைகளையும் இலைகளையும் கடித்துக் கடித்து மணி வடிவில் ஒரு வெற்றிடம் செய்கிறது. பாளையங்கோட்டையில் இதை ஆராய்ந்து 1995இல் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாதத்துக்கும் மேலாக உழைத்துக் கட்டிய அக்கூடாரத்துக்குப் பெண் வௌவால்கள் குடி வருகின்றன. பனாமாவிலும் கூடார வௌவால், இங்கும் கூடார வௌவால் என்றதும் எங்களுக்குத் திக்கென்றது. ஆனால் தொழில் ஒன்றாக இருப்பதால் குலம் ஒன்றாகிவிடாது. இரண்டும் முற்றிலும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. ஒன்றிடம் கண்ட கிருமி மற்றொன்றிடம் இருக்கும் என்று கொள்ள இடமில்லை.

இவை செய்யும் தொண்டும் பெரிது. இலுப்பை, இலவம் முதலிய மரங்களின் மகரந்தத்தை இரவில் சுமந்து செல்கின்றன. ஆல், அத்தி, நாவல், வேம்பு ஆகியவற்றின் விதைகளைத் தொலைவில் போட்டு மரம் வளர்க்கின்றன. பூச்சியுண்ணும் வௌவால்கள் வயலில் உழவருக்குக் கூலி கேளாத வேலைக்காரர்கள். இவ்வளவு செய்தும், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காக்கை, எலியோடு சேர்த்துத் தீங்கு செய்யும் பிராணிகளின் ஐந்தாம் அட்டவணையில் வைத்திருந்தது. 2022இல் வந்த திருத்தம்தான் அந்த அட்டவணையை நீக்கியது. வௌவால் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு குட்டிகளே ஈனும். புளிய மரத்தடியில் மாண்ட அந்தக் குட்டியின் கணக்கு எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அப்படியானால் மூவருக்கும் காமாலை எப்படி வந்தது?

இதற்கு விடை மரத்தில் இல்லை, மண்ணுக்கடியில் இருந்தது. மூவரின் இரத்தத்தையும் சோதித்த மருத்துவர், மூவருக்கும் ஏ வகை என்று சொல்லியிருந்தார். ஏ வகை உடலில் புகுந்து நோயாக வெளிப்பட 15 முதல் 50 நாட்கள் ஆகும். சராசரி 28 நாள். நாங்கள் நாட்காட்டியை வைத்துப் பின்னோக்கி எண்ணினோம். ஐப்பசி அடைமழையில் போய் நின்றது! மூவரின் வீடும் ஒரே தெருவில். அங்கே குழாயில் நீர் மெதுவாக வருவதால், பல வீட்டார் வாசலில் பள்ளம் தோண்டி, குழாயைத் தாழ வெட்டி, குழிக்குள் குடம் வைத்துப் பிடிக்கிறார்கள். மதுரைத் தெருக்களில் இது நாம் அன்றாடம் காணும் காட்சியே. அந்த மழையில் சாக்கடை பொங்கிக் குழிகளை நிரப்பியது. தண்ணீர் நின்றபின் குழாய் காற்றை உள்ளிழுக்கும்போது குழியிலுள்ளதையும் சேர்த்து இழுக்கும் என்று எங்கள் அறிவியல் ஆசிரியை விளக்கினார்கள். அத்தெருவில் வேறு நான்கு வீடுகளிலும் காமாலை இருந்ததை நாங்கள் கேட்டறிந்தோம். அவர்களில் ஒருவர்கூட நம் பள்ளிக்கு வந்தவர் அல்லர்.

மறுபக்கத்தையும் பார்த்தோம். வௌவால்தான் காரணமென்றால், நாள்தோறும் மரத்தடியைப் பெருக்கும் ஆயா அம்மாவுக்கல்லவா முதலில் வந்திருக்க வேண்டும்? இரவெல்லாம் அங்கேயே இருக்கும் காவலர் தாத்தாவுக்கு ஏன் வரவில்லை? அவர் பதினெட்டு ஆண்டுகளாக அம்மரத்தடியில்தான் கட்டில் போட்டிருக்கிறார்.

நீரால் வரும் காமாலை எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1955ஆம் ஆண்டின் இறுதியில், வெள்ளம் வடிந்தபின் யமுனையில் கலந்த சாக்கடை, டெல்லியின் குடிநீருக்குள் புகுந்தது. அடுத்த சில வாரங்களில் ஏறத்தாழ 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அன்று பாதுகாத்து வைத்த இரத்தநீரைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, அது இ வகை என்று தெரிந்தது. அந்தப் பெருந்துன்பத்தில் வௌவாலுக்குப் பங்கில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் பலர் கேட்டார்கள். நம் பாட்டி வைத்தியத்தில் இதற்குத் தனி இடம் உண்டு. சென்னையைச் சேர்ந்த விஞ்ஞானி தியாகராஜனும் அவர் குழுவினரும் பி வகைக் கிருமி உடலில் தங்கியவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து 1988இல் எழுதினார்கள். புளும்பெர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். மருந்துண்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் மேலுறை இரத்தத்தில் மறைந்திருந்தது. வெறும் மாத்திரை உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. பின்னர்ப் பிற இடங்களில் செய்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. ஆகவே கீழாநெல்லியை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. கையில் சூடு போடுவதும் கண்ணில் சாறு பிழிவதும் அறவே கூடாது.

எதற்கு அஞ்ச வேண்டும்?

வௌவாலால் ஒரு கேடும் இல்லை என்று சொன்னால், அதுவும் சிவப்பு எழுத்தைப் போன்ற பாதி உண்மையே ஆகும். நிபா என்னும் கொடிய வைரஸ் பழந்தின்னி வௌவால்களிடம் வாழ்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் அண்டை மாநிலமாகிய கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் 17 உயிர்களை அது பறித்தது. அந்நோய்க்கு எதிரான பொருள் தமிழ்நாட்டு வௌவால்களிலும் இருப்பதைப் பூனாவிலுள்ள தேசிய வைராலஜி நிறுவனம் கண்டிருக்கிறது. ஆகவே அச்சம் வேண்டாம், கவனம் வேண்டும். நாங்கள் தொகுத்தவை இவை:

1. அணிலோ வௌவாலோ கடித்த பழம் தித்திக்கும் என்று எடுத்துத் தின்னலாகாது. கொய்யாவும் நாவலும் கீழே கிடந்தால், கடிபட்டதை ஒதுக்கி, மற்றதை நன்கு கழுவியபின் உண்ண வேண்டும்.

2. பனையில் கட்டும் பதநீர்க் கலயத்தை மூடிவைக்கச் சொல்ல வேண்டும். வங்கதேசத்தில் ஈச்சமரத்துப் பச்சைச் சாற்றில் வௌவால் வாய் வைத்ததாலேயே பலருக்கு நிபா வந்தது.

3. ஆஸ்துமாவுக்கு மருந்தென்று வௌவால் கறி உண்பவர் நம் ஊர்ப்பக்கம் உண்டு. அது மருந்தும் அன்று, பிடிப்பதும் அறுப்பதும் ஆபத்து.

4. கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடக்கூடாது. கடித்தாலோ கீறினாலோ சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

5. காமாலைக்கு அஞ்சினால் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். கழிப்பறைக்குப் பின்னும் சாப்பாட்டுக்கு முன்னும் சோப்பால் கை கழுவ வேண்டும். பி வகைக்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட வேண்டும். நம் வீட்டுத் தடுப்பூசி அட்டைகளை எடுத்துப் பார்ப்போமாக.

6. வௌவாலைப் புகைபோட்டு விரட்டலாகாது. மரத்தில் இருக்கும்வரை அது நம்மைத் தொடுவதில்லை. விரட்டினால்தான் நம் கைக்கு வருகிறது. எங்கள் தோழியின் தம்பிக்கு நேர்ந்ததே இதற்குச் சான்று.

முடிவுரை

பதினைந்தாம் நாள் சிஸ்டரிடமும் பெற்றோரிடமும் இவற்றைச் சொன்னோம். ஒரு தந்தை, "இத்தனை கிருமி இருக்கிறதென்று நீங்களே சொல்கிறீர்கள், பிறகு எதற்கு வம்பு?" என்று கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. எனவே குடிநீர்த் தொட்டிக்கு மேல் நீண்டிருந்த கிளைகளை மட்டும் வெட்டி, தொட்டிக்குப் புதிய மூடி போட முடிவாயிற்று. மரங்கள் தப்பின. தெருவில் குழிக்குழாய்கள் மூன்று மேலே உயர்த்தப்பட்டன. மற்றவை இன்னும் குழிக்குள்ளேயே இருக்கின்றன என்பதை வருத்தத்துடன் எழுதுகிறோம். அடுத்த ஐப்பசிக்குள் அவையும் உயர வேண்டும்.

அறிவிப்புப் பலகையில், "நாங்கள் எழுதியது முழுமையானதன்று. வருந்துகிறோம்" என்று முதல் வரியில் எழுதி, அதன்கீழ் மேற்சொன்ன ஆறையும் எழுதினோம். இம்முறை வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதினோம். தோழியின் வீட்டுக்கும் போனோம். "நீங்கள் என்ன வேண்டுமென்றா செய்தீர்கள்?" என்று அவள் அம்மா எங்களுக்கு மோர் கொடுத்தார்கள். தம்பி, ஊசி போட்ட கையைக் காட்டிச் சிரித்தான். நாங்கள் சிரிக்க முடியாமல் நின்றோம்.

தோழி அரையாண்டுத் தேர்வில் இரண்டு பாடங்கள் எழுதவில்லை. தை மாதம் இளைத்துப்போய்த் திரும்பி வந்தாள். ஒருநாள் சிறப்பு வகுப்பு முடிந்து அவளும் நாங்களும் நெட்டிலிங்கத்தடியில் நின்று, மாலையில் கிளம்பும் வௌவால்களை எண்ணினோம். பதினேழு வரை எண்ணியபின் இருட்டிவிட்டது.

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்" என்று ஒரு பழமொழி உண்டு. எங்கள் தோழியின் கண் மருந்தாலும் ஓய்வாலும் தெளிந்துவிட்டது. எங்கள் கண் தெளிவதற்குப் பதினைந்து நாள் படிப்பு தேவைப்பட்டது. தோழியரே, அரைகுறையாய் அறிந்ததைப் பலகையில் எழுதுமுன் இனி நாம் ஒருமுறைக்கு இருமுறை படிப்போமாக!